சிவப்பு என்றால் ஃபுல்

வெளிநாட்டு மோட்டார் வண்டி ஒன்றை முறைப்படி வாங்கிப் பதிவு செய்து வைத்திருக்கும் ஒருவர், இந்த நாட்டில் கிடைக்காத உதிரிபாகம் அதற்குத் தேவைப்பட்டால், உரிய சான்றுகளை இணைத்து அதைத் தருவித்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். தேவைக்குக் காரணம் நோய் என்று மருத்துவர் சான்று கொடுத்திருந்தால் அந்த விண்ணப்பத்தை வரிசையில் நிறுத்தக் கூடாது. தனியே எடுத்து உடனே முடிக்க வேண்டும். நானும் அரசு வேலைக்குப் போய், கோப்புகளுக்கு நடுவே தலை நரைத்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். இவ்வளவு இரக்கமுள்ள விதியை வேறு எங்கும் அதிகம் பார்த்ததில்லை. அதை எழுதியவர் நல்ல மனிதராக இருந்திருக்க வேண்டும். படித்தவர்தான் யாரும் இல்லை.

என் தம்பிக்கு வியர்க்காது.

இதைக் கேட்டவுடன் கொடுத்து வைத்தவன் என்பார்கள். செங்கல்பட்டு வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள நிற்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். பிறக்கும்போதே அவன் தோலில் வியர்வைச் சுரப்பிகள் இல்லை. தலையில் முடி அங்கங்கே பூஞ்சையாக இருக்கும். வாயில் நாலைந்து பற்கள், அவையும் கூராக. மற்றவர்களின் உடம்பு வெயிலில் தன்னைத்தானே நனைத்து ஆற்றிக்கொள்ளும். அவன் உடம்புக்கு அந்த வசதி கிடையாது. வெயில் ஏற ஏறப் பாறையைப் போல அவனும் சூடேறுவான். முதலில் முகம் சிவக்கும், பிறகு பேச்சு குறையும், பிறகு வலிப்பு வரும். சென்னையில் ஒரு பெரிய டாக்டர்தான் அதற்குப் பெயர் வைத்தார். மருந்து இல்லை என்றார். ஒவ்வொரு கோடையையும் தாண்டவைத்துவிட்டால் எல்லோரையும் போல வளர்ந்து கல்யாணம்கூடச் செய்துகொள்வான் என்றார். கோடையைத் தாண்டுவது எப்படி என்பதை அவர் எழுதிக் கொடுக்கவில்லை.

அம்மா தாண்டவைத்தாள். மாசி பிறந்தால் அவன் தோளில் ஈரத் துண்டு ஏறிவிடும். ஆடி வரை இறங்காது. துண்டு காயும்போதெல்லாம் யாராவது நனைக்க வேண்டும், பெரும்பாலும் நான். அவன் அதற்குள் ஒரு கை தண்ணீரை அள்ளி நெற்றியில் தெளித்துக்கொண்டு ஓடி வருவான்.

"அக்கா, அக்கா! வேத்துடுச்சு பாரு!"

"பொய். தண்ணி."

"வேர்வைதான். நக்கிப் பாரு, உப்புக் கரிக்கும்."

அப்போது நான் நான்காம் வகுப்பு. அவன் ஒன்றாம் வகுப்பில் பெயர் மட்டும் இருப்பவன். வெயில் காலத்தில் பள்ளிக்கூடம் அனுப்ப முடியாது.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்போம். தாலுகா ஆபீசில் கிளார்க். பக்தி என்று அவருக்கு ஏதாவது இருந்தால் அது நடைமுறையின் மேல்தான். வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும், கல்யாணப் பத்திரிகையாகவே இருந்தாலும், ஓரத்தில் 'பெறப்பட்டது' என்று எழுதித் தேதி போட்ட பிறகுதான் படிப்பார். வந்த அன்றே பதில் போடுவார். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்களும் அப்படித்தான் செய்வார்கள் என்று மனதார நம்பினார்.

அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, வேறு ரகம். சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு வெளிநாட்டுப் பயணிகளைக் காரில் கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவிடுவது அவர் தொழில். ஏதோ ஒரு நாட்டின் தூதரக அலுவலகத்தில் ஓடிக் களைத்த அமெரிக்கக் கார் ஒன்று ஏலத்துக்கு வந்தபோது அதை எடுத்தார். எங்கள் தெருவில் திரும்ப முடியாத அளவு நீளம். அதனால் கொளவாய் ஏரிப் பக்கம் ஒரு ஷெட் போட்டு அதில் நிறுத்தினார். தம்பி அதைப் பார்த்த நிமிஷமே கப்பல் என்று பெயர் வைத்தான்.

கப்பலில் ஏசி இருந்தது. எழுபதுகளில் செங்கல்பட்டில் ஏசியை நேரில் பார்த்தவர்கள் மிகக் குறைவு. மாமா முதல் தடவை அவனை முன் சீட்டில் உட்காரவைத்து, கண்ணாடிகளை ஏற்றி, அதைப் போட்டார். முன்பலகையின் துவாரத்திலிருந்து வந்த காற்றில் அவன் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு துண்டை எடுத்து அம்மாவிடம் நீட்டினான்.

"இது வேணாம்மா. இங்க எனக்கு ஒண்ணும் இல்ல."

அந்தக் கோடை முழுவதும், உச்சி வெயிலில் சவாரி இல்லாத நாளெல்லாம், மாமா ஷெட்டில் வண்டியை ஓடவிட்டு அவனை உள்ளே உட்காரவைத்தார். கூட நானும் இருப்பேன். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என்னைச் சிங்கப்பூர் கூட்டிப் போவான். அந்த வருஷம் அவனுக்கு ஒரு வலிப்புகூட வரவில்லை. அம்மா கொஞ்சம் பருத்தாள்.

அந்த ஏசியை ஆட்டிவைக்கும் 'கண்ட்ரோல்' முன்பலகையில் இருந்தது. பக்கவாட்டில் நகரும் இரண்டு கம்பிகள். மேல் கம்பி காற்றாடிக்கு. வலப்பக்கம் தள்ளத் தள்ளக் காற்று கூடும். கீழ்க் கம்பிக்கு இடக்கோடியில் நீலக் கோடு, வலக்கோடியில் சிவப்புக் கோடு. எழுத்துகள் முன்பு ஓட்டியவர்களின் விரல் பட்டு அழிந்துபோயிருந்தன. வண்டியை ஒப்படைத்த பழைய டிரைவர் மாமாவிடம் ஒரே ஒரு புத்திமதி சொல்லியிருந்தார்: கீழ்க் கம்பி நீலத்திலேயே இருக்கட்டும், தொடாதே. ஏன் என்று அவர் சொல்லவில்லை. மாமா கேட்கவும் இல்லை. ஓடுகிற வண்டியிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

அடுத்த மாசியில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியின் குழந்தை அந்தக் கீழ்க் கம்பியைப் பிடித்துத் தொங்கியது. அன்றிலிருந்து அது எங்கும் நிற்காமல் லொடலொடவென்று ஆட ஆரம்பித்தது. காற்றும் வெதுவெதுப்பாகிவிட்டது.

"புதுப்பேட்டை பழைய இரும்புக் கடைல கேட்டா எதுனா ஒண்ணு மாட்டிக் குடுப்பான் மாப்ள" என்றார் மாமா.

"கண்ட சாமானையும் மாட்டி அதுக்குள்ள குழந்தையை உட்காரவைக்கிறதா? முறைப்படி வரவழைப்போம் மச்சான். அதுக்கு வழி இருக்கு."

"இன்னா வழி? நீ கடுதாசி போட்டா டெல்லிக்காரன் பார்சல் கட்டி அனுப்பிச்சிடுவானா?"

"அனுப்பணும். விதி அப்படி."

நைனா விதியைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தார். மாமா பெயரில் விண்ணப்பம் எழுதி, டாக்டர் சான்றும் பதிவுச் சான்றின் நகலும் இணைத்து, தபால் ஆபீசில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினார். பங்குனியில் ஒரு நினைவூட்டு, சித்திரையில் இன்னொன்று. ஒப்புகை அட்டைகள் மட்டும் ஒழுங்காகத் திரும்பி வந்தன. தம்பி மறுபடி ஈரத் துண்டுக்குத் திரும்பினான்.

"நைனா, டெல்லிக்காரங்களுக்கு வேர்க்குமா?"

"வேர்க்கும்டா."

"அதான் அவங்களுக்கு அவசரம் இல்ல."

கத்திரி பிறந்தது. எங்கள் கிணறு வாளி முங்காத அளவுக்கு வற்றியது. இரண்டு முறை வலிப்பு வந்தது. இரண்டாவது முறை அவன் கண்விழிக்க வெகுநேரமாயிற்று.  அன்று சாயந்திரம் அம்மா நைனாவிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "உன் கடுதாசி வர்றப்போ வரட்டும். எங்க அண்ணன் ரிப்பேர் ஆளைக் கூட்டினு வரட்டும்."

மாமல்லபுரத்தில் அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, கடலுக்குப் பக்கத்தில் குடியிருந்தாள். கத்திரி முடியும் வரை அவனை அங்கே கடற்காற்றில் வைத்துக்கொள்வது, போகிற வழிக்கு மட்டும் கப்பல் என்று முடிவாயிற்று. அதற்காக மாமா சென்னையிலிருந்து ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்பவர் ஒருவரைக் கூட்டி வந்தார். நல்ல வேலைக்காரர், கை சுத்தம், பேச்சு சுத்தம். காலையில் ஷெட்டில், எங்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு, முன்பலகையைக் கழற்றிப் பார்த்தார்.

"கேஸ் எல்லாம் கரெக்டா கீது. இந்தக் கம்பிதான் பேஜாரு, நிக்க மாட்டேங்குது. செப்புக் கம்பி போட்டு இறுக்கிட்டா ஜென்மத்துக்கும் அசையாது. எந்தப் பக்கம் கட்டட்டும்? நீலமா, சிவப்பா?"

"பழைய டிரைவரு நீலத்த வுட்டு நவுத்தாதன்னான்" என்றார் மாமா.

"பெட்ரோலு குடிக்கும்னு சொல்லியிருப்பான் அண்ணாத்த. மேல ஃபேன் கம்பி எந்தப் பக்கம் தள்ளுனா ஜாஸ்தி? வலப்பக்கம்தான? கீழயும் அதே கணக்கு. நீலம்னா கம்மி, சிவப்புன்னா ஃபுல்லு. இவ்ளோ நாளா நீங்க கம்மிலயே ஓட்டினு இருந்திருக்கீங்க."

இதில் தப்புக் கண்டுபிடிக்க எங்களில் யாராலும் முடியவில்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது. எல்லோரும் நைனாவைப் பார்த்தார்கள். கூட்டத்தில் படித்தவர் அவர்தான். நைனா தம்பியைப் பார்த்தார்.

"குழந்தைக்கு ஃபுல்லாகவே இருக்கட்டும்" என்றார்.

ரிப்பேர்காரர் கம்பியைச் சிவப்புக் கோடியில் வைத்துச் செப்புக் கம்பியால் முறுக்கிக் கட்டினார். மாமா இன்ஜினைக் கிளப்பி ஏசியைப் போட்டார். ஜில்லென்று காற்று வந்தது. ஒவ்வொருவராகக் கையை வைத்துப் பார்த்தோம். அம்மா கையை எடுக்கவே இல்லை. கன்னத்தில் நீர் வழிய நின்றாள். பெட்ரோலை வீணாக்க வேண்டாம் என்று மாமா உடனே அணைத்துவிட்டார். ரிப்பேர்காரர் டீகூடக் குடிக்காமல் ரயிலுக்குப் போனார்.

உடனே கிளம்பியிருக்கலாம். வெயில் இன்னும் ஏறவில்லை. ஆனால் அது ஜமாபந்தி நேரம். தாலுகாவின் வருஷக் கணக்கை மேலதிகாரி வந்து பார்க்கும் நாட்கள். முழுநாள் விடுப்பு யாருக்கும் கிடையாது. நைனா எழுதிக் கேட்டதற்கு அரை நாள் தற்செயல் விடுப்பு அனுமதித்திருந்தார்கள், பிற்பகலுக்கு. அம்மா மட்டும் முன்னால் போவது என்ற யோசனையை அம்மாவே ஏற்கவில்லை. எங்கேயாவது வலிப்பு வந்தால் அவனைப் பிடிக்க நைனா வேண்டும். தவிர, ஏசிதான் சரியாகிவிட்டதே. உச்சி வெயிலானால் என்ன? நைனா ஆபீசிலிருந்து நேராக ஷெட்டுக்கு வந்தார், பையில் பேனாவோடு.

முன் சீட்டு பெஞ்சு போல அகலமானது. மாமா ஓட்ட, துவாரத்துக்கு நேர் எதிரே நைனாவின் மடியில் தம்பி. அம்மாவும் நானும் பின்னால். கிளம்பும்போது அம்மா அவன் தோளிலிருந்து ஈரத் துண்டை எடுத்துவிட்டாள். ஏசிக் குளிரில் ஈரத்துணி இருந்தால் ஜன்னி வந்துவிடும் என்பது அவள் பயம். மாமா எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றச் சொன்னார்.

ஊரைத் தாண்டும் வரை குளிர்ச்சியாகவே இருந்தது. தம்பி திரும்பி என்னைப் பார்த்து, "அக்கா, சிங்கப்பூரு வந்துகினே கீது" என்றான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று மாறியது. திருக்கழுக்குன்றம் மலை கண்ணில் படும்போது மாமாவின் கழுத்தில் வியர்வை கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. நைனாவின் சட்டை சீட்டோடு ஒட்டியிருந்தது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"உள்ளயே இப்பிடின்னா வெளிய இன்னா கொதி கொதிக்கும், யோசிச்சுப் பாரு மாப்ள" என்றார் மாமா. "ஃபுல்லுல போட்டுமே மூச்சு வாங்குது."

"அக்கா" என்றான் தம்பி. "அம்மா இட்லிப் பானையத் தொறந்தா வருமே, அந்தக் காத்து."

எல்லோரும் சிரித்தோம். அவன் எப்போதும் அப்படி எதையாவது சொல்வான்.

 யாருக்கும் தெரியாமல் என் பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி அந்தச் சந்தில் மூக்கை வைத்தேன்.

"அம்மா, வெளிய ஜில்லுனு இருக்குது."

மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கத்திரி வெயில்ல வெளிய ஜில்லுனு இருக்குதாம்! கேட்டியா மாப்ள? உம் பொண்ணுக்கு வெயிலு தலைக்கேறிடுச்சு. ஏத்துடி கண்ணாடிய, இருக்கிற கூலும் பூடும்."

அம்மா என்மேல் சாய்ந்து எட்டிக் கண்ணாடியை ஏற்றினாள். "தம்பிக்காகத்தானே இதெல்லாம். உனக்கு வெளாட்டா கீதா?" என்றாள். அவள் கை சுட்டது.

மலையைத் தாண்டியதும் மாமா முன்பலகையில் ஒரு முள்ளைக் காட்டினார். இன்ஜினின் சூட்டைச் சொல்லும் முள். எப்போதும் இந்த வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். கப்பலுக்கு இந்த ஊர் வெயில் ஆகாது. அன்று முள் நடுவிலேயே நின்றது, அசையவில்லை.

"பாத்தியா, ஏசிகாரன் கைராசி. இன்ஜினே கம்முனு ஓடுது. தண்ணி கேக்கல, ஒண்ணும் கேக்கல."

 நைனா தம்பியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "டேய், பேசுடா" என்றார். "டேய், கப்பல் எங்க போவுது சொல்லு."

வலிப்பு வந்தபோது மாமா வண்டியை நிறுத்தவில்லை, விரட்டினார். கடல் வந்துவிட்டால் போதும் என்று எல்லோருக்கும் தோன்றியது. அம்மா பின்னாலிருந்து சீட்டைத் தாண்டிக் கையை நீட்டி, அந்தத் துவாரங்களை அவன் மேல் நேராகத் திருப்பிக்கொண்டே இருந்தாள். எவ்வளவு காற்று முடியுமோ அவ்வளவும் அவன் மேலே பட வேண்டும்.

சின்னம்மா வீட்டுக்குப் போகவில்லை. மாமா நேராக மணலில் இறக்கி, சக்கரம் புதையும் வரை ஓட்டினார். நைனா கதவைத் திறந்துகொண்டு அவனைத் தூக்கியபடி ஓடி, செருப்போடு, இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றார். வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். அலை அவர்கள் இருவரையும் தூக்கித் தூக்கி இறக்கியது. நைனாவின் பையிலிருந்த பேனா கசிந்து சட்டை முழுக்க நீலமாகப் பரவியது. கரைக்குக் கொண்டுவந்து ஈர மணலில் கிடத்தியபோது தம்பியின் நெற்றியில் முத்து முத்தாக நீர் நின்றது.

"வேத்துடுச்சு!" என்று அம்மா கத்தினாள். "அய்யோ, வேத்துடுச்சு பாரு! அண்ணா, எம்புள்ளைக்கு வேர்க்குது!"

நான் குனிந்து நக்கிப் பார்த்தேன். உப்புக் கரித்தது.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லா வீட்டிலும் நடப்பவை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா ஒரே விஷயத்தைச் சொன்னாள்: அந்த வெயிலில் வேறு வண்டியாக இருந்திருந்தால் திருக்கழுக்குன்றத்துக்கே உயிரோடு வந்திருக்க மாட்டான், அண்ணன் வண்டிதான் கடலைப் பார்க்கும் வரை அவனைக் காப்பாற்றிக் கொண்டுவந்தது. மாமாவும் அதையே சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் மறுபடி சாப்பிடத் தொடங்கினார். ஆயுத பூஜையன்று அம்மா ஷெட்டுக்குப் போய்க் கப்பலுக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டாள். அந்தத் துவாரங்களுக்குத் தனியாகக் குங்குமம். ஏசியை மட்டும் அதன் பிறகு மாமா போடவே இல்லை. யார் கேட்டாலும் ரிப்பேர் என்றுவிடுவார்.

நைனாவும் ஏதோ சாப்பிட்டார், ஆபீஸ் போனார். சிரிப்பது மட்டும் நின்றுபோனது. தில்லிக்கு நினைவூட்டு எழுதுவதும்.

மார்கழியில் ஒரு நாள் மாமா வீட்டுக்கு வந்தார். கடற்கரையில் சூரியோதயம் பார்க்க விடியும் முன்பே ஒரு வெள்ளைக்கார அம்மாளைச் சென்னையிலிருந்து ஏற்றிப் போயிருக்கிறார். பனிக்காற்று. அந்த அம்மாள் முன்பலகையைக் காட்டி ஏதோ கேட்டுக்கொண்டே வர, தொந்தரவு தாங்காமல் ஏசியைப் போட்டிருக்கிறார்.

"இன்னா பண்ணுச்சு தெரியுமா? ரெண்டு கையையும் நீட்டிக் குளிர் காயுது மாப்ள! ஏசிக் காத்துல! கையத் தேச்சுத் தேச்சுக் கன்னத்துல வெச்சுக்குது. குட்டு, குட்டுங்குது. எறங்கறப்ப எனக்குக் கை குடுத்துட்டுப் போவுது. ஏசில குளிர் காயற ஜென்மத்த இப்பத்தான் பாக்கறேன்!"

"அவங்க ஊரே ஐஸுக்குள்ள கீற ஊரு" என்றாள் அம்மா, அடுப்படி வாசலில் நின்று. "நம்ம ஏசியே அவங்களுக்கு வெயிலு மாதிரி இருக்கும்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மாமாவும் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

நைனா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எப்போ மச்சான்? வண்டி கிளம்பினவுடனேயா?"

"இன்னா கேள்வி மாப்ள இது? கோவளம் தாண்டி. இன்ஜின் நல்லா சூடேறினப்புறம்தான்."

"உன் கைல பட்டப்போ எப்படி இருந்தது?"

"நான் எங்க கைய வெச்சேன்? எனக்கு அதத் தொடப் பிடிக்கல" என்றார் மாமா. பேச்சு அங்கே கொஞ்சம் தடுமாறியது. அம்மாவின் முகத்தில் சிரிப்பு வடிய ஆரம்பித்தது. நைனா அம்மாவைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சத்தமாக, நன்றாகவே சிரித்தார். "ஏசிக் காத்துல குளிர் காயறதா!" என்று மறுபடி மறுபடி சொல்லி, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். தம்பி போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நைனா சரியாகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக வெளியே ஓடிப்போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். மாமா இல்லாத நேரம். சாவி எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. முன் சீட்டில் உட்கார்ந்து, குறடால் அந்தச் செப்புக் கம்பியை வெட்டினார். கீழ்க் கம்பியைச் சிவப்புக் கோட்டிலிருந்து நீலக் கோட்டுக்கு நகர்த்தி மறுபடி கட்டினார். வேலை அவ்வளவுதான். வெட்டிய துண்டைச் சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இன்னா நைனா பண்றே?"

"ஒண்ணுமில்ல. கம்மி பண்ணி வெச்சேன். பெட்ரோல் குடிக்குதாம்."

"இனிமே யாருக்கு ஃபுல்லு வேணும், இல்ல நைனா?"

அவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அப்படியே இருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து, ஏரியில் கல் எறியப் போய்விட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து மாமா ஆச்சரியமாக வந்து சொன்னார், ஏசி தானாகவே சரியாகி ஐஸ் மாதிரி ஊதுகிறதாம். அம்மா சேலைத் தலைப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எம்புள்ள வந்து உட்காந்துகினு போறான்" என்றாள். "அப்படியா" என்றார் நைனா.

பல வருஷங்களுக்குப் பிறகு, ஒரு ஜனவரியில், அலுவல் நிமித்தம் முதல் முறையாகத் தில்லிக்குப் போனேன். ரயில் நிலையத்துக்கு வந்த ஆபீஸ் காரில் பல் கிட்டிக்கொண்டு நான் நடுங்குவதைப் பார்த்த டிரைவர், முன்பலகையில் ஒரு கம்பியை நீலத்திலிருந்து சிவப்புக்குத் தள்ளினார். கொஞ்ச தூரம் போன பிறகு, இன்ஜின் சூடானதும், இட்லிப் பானையைத் திறந்தாற்போல முகத்தில் காற்று அடித்தது. இன்ஜினின் கொதிநீரை ஒரு குழாயில் உள்ளே கொண்டுவந்து காற்றைச் சூடாக்குவார்கள், குளிர்தேசத்து வண்டிகளில் எல்லாம் இருக்கும், இன்ஜினுக்கும் நல்லது என்று அவர் விளக்கினார். தன் சூட்டை உள்ளே இருப்பவர்கள் மேல் இறக்கிவிட்டு அது நிம்மதியாக ஓடுமாம். நான் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, தெருவோரத்தில் நின்றேன்.

செங்கல்பட்டில் காருக்குள் சூடு வேண்டும் என்று ஒரு மனிதன் நினைப்பான் என்பதை எங்களில் யாராலும் கற்பனை செய்ய முடிந்திருக்காது. நைனா மட்டும் அதை ஒரு டம்ளர் காபியைக் கீழே வைக்கும் நேரத்தில் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததோடு, 'ஃபுல்' என்று சொன்னது யார் என்பதும் அவருக்கு நினைவிருந்தது. மாமாவுக்கும் அம்மாவுக்கும் மிச்சமிருந்த ஒரே ஆறுதல் அந்த வண்டி. அதை அவர்களிடமே விட்டுவிட்டு, மற்றதைத் தானே வைத்துக்கொண்டார். எனக்கு இது தெரிந்தபோது அவர் காலமாகியிருந்தார்; கேட்க முடியவில்லை. அம்மாவிடம் நானும் சொன்னதில்லை.

நைனாவின் விண்ணப்பத்துக்குப் பதில் வராமல் இல்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், பழைய கோப்புகளையெல்லாம் முடித்தாக வேண்டும் என்று எல்லா அலுவலகங்களுக்கும் நெருக்குதல் வந்தபோது எங்களுடையதும் மேலே வந்திருக்கிறது. பழுப்பு உறை. நான்தான் தபால்காரரிடம் வாங்கி நைனாவிடம் கொடுத்தேன். குளிர்சாதனக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றைத் தருவித்துக்கொள்ள அனுமதி அளிக்கப்படுகிறது. மருத்துவக் காரணத்தை முன்னிட்டு இந்த விண்ணப்பம் முன்னுரிமை கொடுத்துப் பரிசீலிக்கப்பட்டது என்று அதில் இருந்தது. நைனா அன்று பழக்கத்தை மாற்றிப் படித்துவிட்டார் முதலில். பிறகு வெகுநேரம் பேனாவைத் திறந்தபடி வைத்திருந்தார். பதில் எழுதுவார் என்று காகிதம் எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. வாசலில் தார் உருகத் தொடங்கியிருந்தது. கத்திரி பிறந்த நாள். கடைசியில் கடிதத்தின் ஓரத்தில், ஆபீஸ் கையெழுத்தில், ஒரே ஒரு வரி எழுதினார்:

பெறப்பட்டது, 4-5-1976.